20 எம்பி ஃபைல்கூட மெயிலில் திரும்பி வருகிறது, என்ன செய்யலாம்?

ஜிமெயிலில் 25 எம்பி வரை போகும் என்கிறார்கள், கம்ப்யூட்டரில் இருந்து அனுப்பினால் 20 எம்பியே திரும்பி வருகிறதே என்று கேட்டிருக்கீங்க. வெளிநாட்டுல இருக்குற யாருக்கோ விசேஷப் படமோ ஸ்கேன் பண்ணின பத்திரமோ அனுப்பப் பார்க்கிறீங்கன்னு நினைக்கிறேன். எங்க குமரி மாவட்டத்துல அந்தத் தேவை இல்லாத வீடு குறைவு.

நான் மார்த்தாண்டத்துல கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவன். கம்ப்யூட்டர் படிப்பு படிக்கல. ஆனா நாள் முழுக்கப் பெரிய ஃபைலோடதான் மல்லுக்கட்டுறேன், அந்த உரிமையில சொல்றேன்.

கருங்கல் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையோட அண்ணன் குவைத்துல, லீவு கிடைக்கல. பிரிண்டுக்குப் போகும் முன்னே ஆல்பத்தைப் பார்க்கணும்னார். 12க்கு 36 இன்ச் ஷீட், 300 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி. அப்படின்னா ஒரு ஷீட்டுக்கு 3600க்கு 10800 பிக்சல். எட்டரை எம்பியில ஒரே ஒரு ஷீட்டை அவரோட கம்பெனி மெயிலுக்கு அனுப்பினேன். திரும்பி வந்துட்டு. அங்க வரம்பு 10 எம்பி.

எட்டரை எப்படிப் பத்தைத் தாண்டும்? மெயில் முதல்ல வெறும் எழுத்து அனுப்பத்தான் உண்டாச்சு. அதனால படத்தையும் எழுத்தா மாத்தித்தான் அனுப்புது. ஃபைலோட மூணு பைட் (அளவுல சின்ன அலகு) நாலு எழுத்தாகும். மூணுல ஒரு பங்கு கூடி எட்டரை, பதினொண்ணைத் தாண்டிடும். உங்க 20 எம்பி 26க்கு மேல போயிடும். 18க்குள்ள வச்சுக்கிட்டா நல்லது. அதுவும் வாங்குறவர் பக்க வரம்பு இடம் கொடுத்தாதான்.

இதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுல யாரோ அந்த ஷீட்டை வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பிட்டாங்க. குவைத்துல இருந்து போன். "எனக்க அம்மைக்க முகம் எல்லாம் மங்கி கெடக்கு, இதுக்கா ரூவா?" எனக்கு நெஞ்சு கொதிச்சுது. சேலை ஜரிகை இழை இழையாத் தெரியணும்னு ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்ச ஷீட் அது. வாட்ஸ்அப்ல போட்டோவா போனா படம் சுருங்கிடும், டாக்குமென்டா அனுப்பியிருந்தா 2 ஜிபி வரை சுருங்காமப் போயிருக்கும்.

டிசைனுக்குக் காசு கேட்டா "கம்ப்யூட்டர்தானே எல்லாம் செய்யுது"ங்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். கம்ப்யூட்டர் செஞ்சா எனக்கு ஏன் இடுப்பு வலிக்குது? பந்தலுக்கும் பிரியாணிக்கும் பேரம் பேசாதவங்க ஆல்பத்துக்கு மட்டும் மாசக்கணக்கா இழுக்கிறாங்க.

சரி, விஷயத்துக்கு வாறேன். எல்லா ஷீட்டையும் கூகுள் டிரைவ்ல ஒரு ஃபோல்டர்ல ஏத்தி, லிங்கை மட்டும் மெயில்ல அனுப்பினேன். ஷேர் பண்ணும்போது 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்'னு மாத்தணும். மாத்தலேன்னா அந்தப் பக்கம் அனுமதி கேட்டு நிக்கும். அவர் டவுன்லோட் பண்ணி, பாட்டியோட பாம்படத்தைப் பெருசாக்கிப் பார்த்துட்டு, மறுபேச்சு இல்லாம பிரிண்டுக்குச் சம்மதம் சொன்னார்.

"ஜிப் பண்ணி ஃபைலைச் சுருக்கினா போதுமே"ன்னு சிலர் வருவாங்க. ஜேபெக் போட்டோவும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கினவை, ஜிப்ல பெருசா ஒண்ணும் குறையாது. "லிங்க் பாதுகாப்பில்ல"ம்பாங்க, பத்திரம்னா வாங்குறவர் மெயில் ஐடிக்கு மட்டும் அனுமதி கொடுங்க, வேலை முடிஞ்சதும் எடுத்துடுங்க.

டிரைவ், மெயில், போட்டோஸ் மூணுக்கும் சேர்த்துத்தான் இலவச 15 ஜிபி. அது நிரம்பினா உங்களுக்கு மெயிலே வராது. பழைய ஃபோல்டரை அழிச்ச பிறகு டிராஷையும் காலி பண்ணுங்க. இதுக்கப்புறமும் போகலேன்னா, திரும்பி வந்த மெயில்ல இருக்குற வரியை அப்படியே கமெண்ட்ல போடுங்க, பார்த்துச் சொல்றேன்.