கொழகொழ வெண்டைக்காயும் மண் வாடை பீட்ரூட்டும்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மகளுக்கு 5. வெண்டைக்காய் கொழகொழவென்று இருக்கிறது என்று மகன் ஒதுக்கிவிடுகிறான். மகளுக்கு முட்டைக்கோஸ் என்றால் நாற்றம், பீட்ரூட் என்றால் மண் வாடை. கணவரோ உருளைக்கிழங்கு வறுவல், சேப்பங்கிழங்கு வறுவல் இரண்டைத் தவிர எந்தக் காயையும் தொடுவதில்லை. நானும் தினம் ஒரு காயைக் குக்கரில் ஒரு விசில் விட்டு, தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியல் செய்கிறேன். பாதி குப்பைக்குத்தான் போகிறது. காயை அரைத்துத் தோசை மாவில் கலந்து ஏமாற்றிக் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "பட்டினி போடு, தானாகத் தின்னும்" என்கிறார் மாமியார். என்ன செய்வது? எனக்கு உயிரான பாகற்காயை இந்த வீட்டில் சமைக்கவே முடியாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் நல்ல நாக்கு. "பிடிக்கவில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி எழுந்து போகாமல், எது பிடிக்கவில்லை என்று காரணத்தையும் சொல்கிறார்கள். அந்த மூன்று காரணங்களும் உண்மையானவை. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவையும்கூட. நீங்களோ மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்: ஒரு விசில், ஒரு பிடி தேங்காய். சிக்கல் அங்கேதான்.

முதலில் குக்கரைக் காய்களிடமிருந்து பிரித்துவையுங்கள். பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் அது வரப்பிரசாதம்தான். ஆனால் விசில் வரும் நேரத்தில் உள்ளே வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரியில் நிற்கிறது. பீன்ஸும் கோஸும் அதைத் தாங்குமா? மேலே குழைந்து, நிறம் மங்கி, தண்ணீர் கோத்துக்கொண்டு வெளியே வருகின்றன. அதன் மேல் எவ்வளவு தேங்காய் தூவினாலும் ஈரத் தேங்காய்தான் மிச்சம்.

வெண்டைக்காய்க்கு வருகிறேன். அதன் கொழகொழப்பு தண்ணீர் பட்டால் பெருகும். அதனால் காயை முழுதாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அதன் பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவுவது வெண்டைக்காய்க்குச் செய்யும் துரோகம். பொடிப்பொடியாக அரிவதையும் நிறுத்துங்கள். வெட்டுவாய் கூடக்கூட வழவழப்பும் கூடுதலாக வெளியே வரும், அரை விரல் நீளத் துண்டுகளே நல்லது. அகலமான இருப்புச்சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் காயைப் போட்டுப் பரப்புங்கள். மூடி போடாதீர்கள். உப்பும் போடாதீர்கள், அது காயிலிருந்து நீரை இழுத்துவிடும். அடிக்கடி கிளறாமல், இடையிடையே புரட்டிவிட்டால் போதும். பாதி வதங்கியதும் ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரோ கொஞ்சம் புளித்தண்ணீரோ தெளியுங்கள். புளிப்பு பட்டதும் அந்த நூல் அறுந்துவிடும். ஓரம் லேசாகச் சிவந்து சுருங்கிய பிறகு உப்பு, மிளகாய்த்தூள், விரும்பினால் ஒரு ஸ்பூன் அரிசி மாவு. சாம்பாரில் போடும் வெண்டைக்காயையும் இப்படித் தனியாக வதக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

முட்டைக்கோஸ் விவகாரம் வேறு. கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் கந்தகம் கலந்த சத்துகளைக் கொண்ட ஒரே குடும்பத்துக் காய்கள். அடுப்பில் நேரம் ஆக ஆக அந்தக் கந்தக வாடைதான் தலைதூக்கும். அதனால் கோஸை எவ்வளவு சீக்கிரம் இறக்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. மெல்லிய இழைகளாக அரிந்து, கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து, தண்ணீர் விடாமல், பெரிய தணலில், திறந்தபடி 5 நிமிடம். கடிக்கும்போது கொஞ்சம் நறுக்கென்று இருக்க வேண்டும். கோஸ் மசிந்தால்தான் வெந்தது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதை மறந்துவிடுங்கள். (தாளிப்பில் நாம் ஆசையாகப் போடும் பெருங்காயத்தின் மணமும் கந்தகச் சேர்மங்களால் வருவதுதான். மகளுக்குக் கந்தகத்தோடு பகை இல்லை, அளவுதான் தகராறு.)

பீட்ரூட்டில் மண் வாடை என்று உங்கள் மகள் சொல்வது கற்பனை இல்லை. ஜியோஸ்மின் என்ற பொருள் அதில் இருக்கிறது. மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்கும் அதே பொருள்தான் காரணம். மிகச் சொற்ப அளவையும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும், சிலருக்கு இன்னும் கூர்மையாக. தோலில்தான் அது அதிகம் என்பதால் தோலைத் தாராளமாகச் சீவுங்கள். புளிப்புப் பட்டால் அந்த வாடை அடங்கும். பொரியலை இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். அதைவிட, துருவிய பீட்ரூட்டைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி ஆறவைத்து, கெட்டித் தயிரில் கலந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிப் பச்சடியாகக் கொடுங்கள். அந்த ரோஜா நிறத்துக்கு 5 வயதுப் பெண் மயங்க நிறைய வாய்ப்பிருக்கிறது.

இனி உங்கள் கணவர். அவருக்குக் கிழங்கு பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்குப் பிடித்தது வறுவல். உருளைக்கிழங்கை வேகவைத்து உப்புப் போட்டு மட்டும் வைத்துப் பாருங்கள், அதையும் ஒதுக்குவார். சிவந்த மேல்தோல், எண்ணெய், காரம், மொறுமொறுப்பு, இவைதான் அவருடைய ருசி. காயின் மேல் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணக்க வேண்டுமானால் ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஆகவே ஈரம் இல்லாத காய், அகன்ற சட்டி, ஒரு தடவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. சட்டியை நிரப்பிவிட்டால் காய் தன் ஆவியிலேயே வெந்து சோர்ந்துவிடும்.

அவரிடம் தொடங்கக் கோவைக்காயைத் தேர்ந்தெடுங்கள். கால் கிலோ இளம் கோவைக்காயை நீளவாக்கில் நான்காகக் கீறி, 2 மேஜைக்கரண்டி நல்லெண்ணெயில், மிதமான தணலில் 20 நிமிடம் பொறுமையாக வதக்குங்கள். காய் பாதியாகச் சுருங்கிவிடும், அளவைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். இறக்கும் முன் கறிப்பொடி தூவுங்கள். 2 மேஜைக்கரண்டி தனியா, கடலைப்பருப்பும் உளுத்தம்பருப்பும் ஒவ்வொரு மேஜைக்கரண்டி, 5 காய்ந்த மிளகாய், சுண்டைக்காயளவு கட்டிப் பெருங்காயம், எல்லாவற்றையும் துளி எண்ணெயில் சிவக்க வறுத்துக் கொரகொரவென்று பொடித்தால் கறிப்பொடி. கத்தரிக்காய், வாழைக்காய், சேனை, காலிஃபிளவர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பொடியை முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும், கடைசி 2 நிமிடம்தான் அதன் நேரம்.

சுரைக்காய், புடலங்காய், சௌசௌ, பூசணி பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கப்போகிறீர்கள். அவற்றுக்கு என்று பெரிய ருசி ஏதும் கிடையாது. ஆகவே பொரியலாக்கித் தொல்லைப்படாமல், பாசிப்பருப்போடு மிளகு, சீரகம், தேங்காய் அரைத்துவிட்டுக் கூட்டாக வையுங்கள்.

பீன்ஸ், கொத்தவரங்காய் இரண்டுக்கும் என் சிபாரிசு பருப்பு உசிலி. பொறுக்கித் தின்னும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதார்த்தம் நம் சமையலில் அபூர்வம். காயும் பருப்பும் உதிரியாக ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் எதைப் பொறுக்குவது என்றே தெரியாது. அரை கப் துவரம்பருப்பை 1 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, 2 காய்ந்த மிளகாய், உப்பு, பெருங்காயத்தோடு கரகரப்பாக அரையுங்கள். இட்லித் தட்டில் வைத்து 12 நிமிடம் ஆவியில் வேகவிட்டு, ஆறியதும் உதிர்த்துக்கொள்ளுங்கள். சூட்டோடு உதிர்த்தால் களியாகிவிடும். கால் கிலோ பீன்ஸைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள். முதல் சில நிமிடங்கள் மூடாமல் இருந்தால் காயின் அமிலம் ஆவியோடு வெளியேறி, பச்சை நிறம் நிற்கும். நிறத்துக்காகச் சமையல் சோடா போடுகிறவர்கள் உண்டு, நீங்கள் போடாதீர்கள். காய் கூழாகிவிடும், சத்தும் போய்விடும். பிறகு தாராளமாக எண்ணெய் விட்டுத் தாளித்து, பருப்பை மொறுமொறுப்பாகும்வரை புரட்டி, காயைச் சேர்த்து இறக்குங்கள். உடன் மோர்க்குழம்பு இருந்தால் தட்டில் வேறு எதுவும் வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் யோசனைக்கு வருவோம். தோசை மாவில் கேரட்டைத் துருவிப் போடுவதில் தப்பில்லை, அது கண்ணுக்குத் தெரிகிறது. பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக அரைப்பதும், கத்தரிக்காயைக் கொத்சுவில் மசிப்பதும் நம் வழக்கம்தான், அவற்றில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் கீரையை ஒளித்துவைத்து, "சும்மா தோசைதான்" என்று சாதிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வயிற்றுக்குள் கீரை போகும், நாக்குக்கு அறிமுகம் ஆகாது. ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் அதன் பிறகு தோசையையும் பிரித்துப் பார்த்துத் தின்பார்கள்.

மாமியார் சொல்லும் பட்டினி வைத்தியமும் வேண்டாம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் நாக்குக்குக் கசப்பு கூடுதலாக உறைக்கும். கசப்பை உணரும் திறன் பரம்பரையாகவே ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. சுமார் 2 முதல் 6 வயதுவரை புதிய உணவைக் கண்டு மிரள்வது இயல்பு. உங்கள் மகள் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறாள். ஒரு காயை ஏற்றுக்கொள்ள ஒரு குழந்தைக்கு 8 முதல் 15 தடவைகூடத் தேவைப்படலாம். நாம் 3 தடவையிலேயே "அவளுக்கு இது ஆகாது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். எனவே தட்டில் ஒரே ஒரு ஸ்பூன் வையுங்கள். பக்கத்தில் அவளுக்குப் பிடித்தது ஏதாவது இருக்கட்டும். கெஞ்சவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். "காயைத் தின்றால் ஐஸ்கிரீம்" என்று பேரம் பேசினால் காய் தண்டனை ஆகிவிடும், ஐஸ்கிரீம் இன்னும் ருசிக்கும். என்ன சமைப்பது என்பது உங்கள் முடிவு, எவ்வளவு தின்பது என்பது அவள் முடிவு. பள்ளி விட்டுப் பசியோடு வரும் மாலை நேரத்தை மட்டும் வீணாக்காதீர்கள். பிஸ்கெட் டப்பா திறப்பதற்கு முன்னால், மிளகுத்தூள் தூவிய வேகவைத்த சோளமோ கேரட்டோ மேஜையில் இருந்தால் அது பெரும்பாலும் காலியாகும்.

இந்த ஒழுங்கெல்லாம் உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான். எட்டு வயதுப் பையன் அப்பாவின் தட்டைத்தான் பார்ப்பான். அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்: பிடிக்காவிட்டால் ஒரு ஸ்பூன் போதும், ஆனால் முகம் சுளிக்கக் கூடாது, கருத்துச் சொல்லக் கூடாது. இந்த வேலையை மாமியாரிடம் ஒப்படைத்தால் இன்னும் நல்லது, மகன் அவர் பேச்சைக் கேட்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். பிள்ளையின் எடை ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ, காய் மட்டுமல்லாமல் விரல்விட்டு எண்ணக்கூடிய சில உணவுகளைத் தவிர எல்லாவற்றையும் மறுத்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, குமட்டினாலோ, அது சமையல் குறிப்பால் தீராது. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

பாகற்காய் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சமையுங்கள், உங்களுக்காக. நமக்குப் பிடித்ததை நாம் ரசித்துச் சாப்பிடுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா? வட்டமாக நறுக்கி உப்புப் பிசிறி அரை மணி நேரம் வைத்துப் பிழிந்தால் கசப்பு ஓரளவு இறங்கும். உப்புக்கே கசப்பை மட்டுப்படுத்தும் குணம் உண்டு, புளியும் வெல்லமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதை மற்றவர்கள் தட்டில் வைக்க அவசரப்படாதீர்கள். முதலில் கோவைக்காய் வறுவல் உங்கள் கணவரின் தட்டில் மீதமில்லாமல் போகட்டும். போனதும் எழுதுங்கள், பாகற்காய்ப் பிட்லை செய்முறையை இதே பக்கத்தில் தருகிறேன்.