கட்டட அனுமதி: யார் கையெழுத்து செல்லும்?

கே: எங்கள் நகராட்சியே தீர்மானம் போட்டு செட்பேக்கை (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய காலியிடத்தை) குறைக்க முடியுமா?

முடியாது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநில அரசினுடையவை. உள்ளாட்சி அவற்றை வைத்து அனுமதி தரும், மீறினால் நோட்டீஸ் ஒட்டும். திருத்துவது கோட்டை வேலை.

கே: தேசியக் கட்டட விதித்தொகுப்பு இருக்கும்போது மாநில விதி எதற்கு?

தொகுப்பு வெறும் பரிந்துரை. மாநிலம் தன் விதியில் சேர்த்தால்தான் கட்டுப்படுத்தும்.

கே: 1,200 சதுர அடி மனையில் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. சிஎம்டிஏவுக்கு (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு) அலைய வேண்டுமா?

வேண்டாம். மனை 2,500, கட்டடம் 3,500 சதுர அடிக்குள், முதல் தளத்தோடு நின்று, உயரம் 7 மீட்டரைத் தாண்டாவிட்டால், 2024 முதல் சுயசான்றில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. பத்திர அளவும் இடத்தின் அளவும் ஒன்றா என்று முதலில் டேப் பிடித்துப் பாருங்கள். சான்று உங்களுடையது என்றால் வம்பும் உங்களுடையதுதான்.

கே: ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ மனை வாங்கினேன். தலைவர் கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் வீடு கட்ட அனுமதி இல்லை என்கிறார்களே?

மாதம் தவறாமல் வரும் கடிதம் இது. மனைப்பிரிவுக்குத் திட்ட அனுமதி தருவது சென்னைப் பெருநகரில் சிஎம்டிஏ, வெளியே டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம். இதில் ஊராட்சித் தலைவர் தன்னிச்சையாகப் போடும் கையெழுத்து செல்லாது. பச்சை மையில் போட்டாலும் அப்படித்தான். விற்றவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் வரைபடத்தில் டிடிசிபி எண் இருக்க வேண்டிய இடத்தில் சீலை அழுத்திவிடுகிறார்கள். 2016-இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கே தடை போட்டது. பிறகுதான் அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. உங்கள் மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்குள் ஒரு மனையாவது பத்திரம் பதிவாகி விற்றிருந்தால் அந்த வழி உண்டு. விண்ணப்ப அவகாசம் இப்போது இருக்கிறதா என்று விசாரியுங்கள். பணம் கொடுக்கும் முன் எண்ணைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கே: அனுமதிக்கு மேல் ஒரு மாடி கட்டிவிட்டேன். வழி உண்டா?

எந்த ஊர், எந்த ஆண்டு கட்டியது, முன்னால் சாலை எத்தனை அடி? ஒன்றும் எழுதாமல் வழி கேட்டால் எப்படி? 2007 ஜூலை 1 வரை கட்டிய கட்டடத்துக்கு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் சலுகை வந்தது. அதற்குப் பிறகு கட்டியதென்றால், கூடுதல் மாடி விதிக்குள் அடங்குமா என்று பார்த்து, திருத்திய வரைபடத்தோடு விண்ணப்பிக்கலாம். அடங்காவிட்டால் இடிக்க வேண்டியதுதான். சரி, சாலையை டேப் பிடித்து அளந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.