வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்: வயிறு நிறைந்தும் வளராத பிள்ளைகள்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பிள்ளைகளின் போசாக்குப் பற்றியவற்றை மட்டும் தெரிந்தெடுத்துள்ளோம். பதிலளிப்பவர் எமது குழந்தைநல வைத்தியர்.

கேள்வி: பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய்க் கிடக்கும் ஆபிரிக்கப் பிள்ளைகளின் படங்களைக் காட்டித்தான் வகுப்பில் மந்தபோசணையை (போசாக்குக் குறைபாட்டை)ப் படிப்பித்து வருகின்றேன். வறிய நாடுகளின் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்களா?
— ஓர் ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: இல்லை. யுனிசெப், உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்திருந்தவர்கள் 4 கோடியே 28 இலட்சம் பேர். வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தவர்களோ 15 கோடியே 2 இலட்சம் பேர். இந்த இரண்டாம் கூட்டத்துப் பிள்ளைகளைப் படம் பிடித்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. மூன்று வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளையின் உயரத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். அயலில் உள்ள பிள்ளைகளும் அதே அளவினர் என்றால் பெற்ற தாய்க்கே குறை தெரிய வராது. தெற்காசியாவிலும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவிலும் பெரும்பாலும் காணப்படுவது இந்த வகைதான்.

கொழுகொழுவென்று தோன்றும் மந்தபோசணையும் உண்டு. முகம் உப்பி, கால்கள் வீங்கி, தலைமயிர் செம்பட்டையாகி, எதிலும் நாட்டமின்றி இருக்கும் அத்தகைய பிள்ளையின் புறங்காலைப் பெருவிரலால் சற்று அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். நிறையை மட்டும் பார்த்தால் இவர்கள் தப்பிவிடுவார்கள். ஆகவேதான் களப் பணியாளர்கள் கால் வீக்கத்தையும் பார்க்கிறார்கள், மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவையும் நிறமிட்ட நாடாவினால் அளக்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளையின் கை 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் நாடா சிவப்பைக் காட்டும். அது உயிராபத்தின் எல்லை. நாடாவின் படம் ஒன்றையும் வகுப்பில் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் இரண்டாவது மகனுக்கு ஒன்றரை வயது. வளர்ச்சி அட்டையில் நிறைக்கோடு மூன்று மாதமாக மேலேறாமல் படுத்துவிட்டது என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்கிறார். மாமியோ, "எங்கடை பரம்பரையே கட்டைதான், யோசியாதை" என்கிறா. ஒரு நாளும் பிள்ளையைப் பட்டினி போட்டதில்லை. காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் பருப்புத் தண்ணியும், இடையில் தேத்தண்ணியும் பிஸ்கற்றும், இரவில் தாய்ப்பாலுடன் இடியப்பமும் சொதியும். யார் சொல்வது சரி?
— ஒரு தாய், சங்கானை

பதில்: குடும்பநல உத்தியோகத்தர் சொல்வதுதான் சரி. உங்கள் மாமியாரின் கூற்றை நான் அலட்சியம் செய்யவில்லை. உலகமே நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தது. ஆனால் புதிய வளர்ச்சி வரைபுகளை உருவாக்குவதற்காக உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், வசதியான வீட்டில், தாய்ப்பால் குடித்து, புகைபிடிக்காத தாய்மாரிடம் வளர்ந்த பிள்ளைகளை அளந்து பார்த்தது. ஐந்து வயது வரை அந்த ஆறு நாட்டுப் பிள்ளைகளின் சராசரி உயரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2006 இல் வெளியான வளர்ச்சி வரைபுகள் அந்த அளவீடுகளிலிருந்து பிறந்தவையே. தனி ஒரு பிள்ளை பெற்றோரைப் போல் சற்றுக் கட்டையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் கோடும் தன் பாதையில் மேலேறிக்கொண்டே இருக்கும். ஏறிவந்த கோடு இடையில் படுத்தால் அதைப் பரம்பரையின் தலையில் போட முடியாது. அத்தோடு, பரம்பரை பரம்பரையாகக் கட்டையாக இருந்தவர்கள் பிள்ளைப் பருவத்தில் என்ன உண்டார்கள் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா?

இனி உணவுக்கு வருவோம். இந்த வயதில் இரைப்பை கொள்ளும் அளவு, உடல்நிறையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் என்று கணக்கிடுவார்கள். 9 கிலோப் பிள்ளைக்கு ஒரு வேளையில் 270 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பையும் கொஞ்சமும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை, தாய்ப்பாலுக்கு மேலதிகமாக உணவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 கலோரி கிடைக்க வேண்டும். அந்தச் சிறிய வயிற்றை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் பிள்ளை நிறைவோடுதான் எழும்பும், ஆனால் உடம்பில் சேர்வது பெரும்பாலும் தண்ணீர். பருப்புத் தண்ணியும் அவ்வாறே: பருப்பு சட்டியின் அடியில் கிடந்து பெரியவர்களின் கோப்பைக்குப் போய்விடுகிறது, பிள்ளைக்கு மஞ்சள் நிறத் தெளிவு கிடைக்கிறது. தேத்தண்ணி உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சரிவரச் சேரவிடாது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அது தேவையே இல்லை. நீங்கள் பட்டினி போடவில்லை என்பதை நம்புகிறேன். குறை உணவின் அடர்த்தியில் இருக்கிறது.

ஆகவே பருப்பையே எடுத்துச் சோற்றோடு குழையுங்கள். கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாமல் நிற்கும் பதம் வேண்டும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விட்டால் இடம் பிடிக்காமல் 40 கலோரி சேரும். சூடை, கீரி போன்ற மலிவான மீனை முள் எடுத்து மசித்தும், முருங்கையிலையை அவித்துக் கடைந்தும் கொடுக்கலாம். எங்கள் உளுத்தங்களியைச் சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒன்றரை வயதுக்காரனுக்கும் அது அருமையான சாப்பாடு. முட்டையைப் பற்றி ஒரு சொல்: ஈக்குவடோரில் ஆறு மாதம் நாளொரு முட்டை கொடுத்ததில் வளர்ச்சிக் குன்றல் வெகுவாகக் குறைந்தது, அதே முறையை மலாவியில், ஏரிக்கரையில் மீன் உண்டு வந்த பிள்ளைகளிடம் செய்தபோது உயரத்தில் மாற்றம் தெரியவில்லை. முட்டையில் மந்திரம் எதுவும் இல்லை, ஆனால் மீனோ இறைச்சியோ அகப்படாத வீட்டில் அது பெரிய துணை. நாளுக்கு மூன்று நான்கு வேளை, தனிக் கோப்பையில், அருகே இருந்து ஊட்டுங்கள். பொதுத் தட்டில் மூத்தவனோடு சேர்த்து விட்டால் சின்னவன் எவ்வளவு உண்டான் என்பது ஒருவருக்கும் தெரியாது.

வயிற்றோட்டம் வந்தால் சாப்பாட்டை நிறுத்துகின்ற வழக்கம் இன்னமும் இங்கே உண்டு. ஜீவனியும் (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கரைசல்) நாகச்சத்து (சிங்க்) மருந்தும் கொடுக்கும்போதே வழமையான உணவும் தொடர வேண்டும். சுகமான பிறகு இரண்டு வாரம் வரை நாள்தோறும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அடுத்த மாதமும் கோடு எழும்பாவிட்டால் கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள்; இருமலோ சிறுநீர்த் தொற்றோ பின்னால் இருக்கக்கூடும்.

கேள்வி: வறிய நாடுகளில் நல்ல தண்ணீரும் மலசலகூடமும் அமைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்களா?
— பல்கலைக்கழக மாணவர், வட்டுக்கோட்டை

பதில்: அப்படித்தான் பலரும் எதிர்பார்த்தார்கள். பங்களாதேசத்திலும் கென்யாவிலும் சிம்பாப்வேயிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் நடந்த பெரும் ஆய்வுகளின் முடிவு 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளியானது. வீட்டுக்கு வீடு மலசலகூடம், குளோரின் இட்ட நீர், சவர்க்காரம் எல்லாம் கொடுத்தும் உயரம் கூடவில்லை. மேலதிக உணவு பெற்ற பிள்ளைகளிடமே சிறிதளவு கூடியது. பங்களாதேசத்தில் வயிற்றோட்டம் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "தண்ணீர் வேண்டாம்" என்று எவராவது எழுதிவிடுவார்கள். கோழி மேயும் முற்றத்தில் தவழ்ந்து மண்ணை வாயில் வைக்கும் பிள்ளையின் குடற்சுவர், வயிற்றோட்டம் வெளிப்படாமலே தேய்ந்துபோய் உணவை உறிஞ்ச முடியாமல் ஆகிறது. அதைத் தடுக்க ஒரு மலசலகூடம் போதாது என்பதே என் கருத்து.

பிறப்பதற்கு முன்பே தொடங்கும் குறையும் உண்டு. தாய் குருதிச்சோகையோடும் குறைந்த நிறையோடும் இருந்தால், 2,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம். எங்கள் நாடான இலங்கையின் நிலை இதனாலேயே விசித்திரமானது: 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வில் வளர்ச்சி குன்றியோர் 17.3 வீதம், இந்தியாவின் 35.5 வீதத்தோடு (2019–21) ஒப்பிட்டால் நல்ல நிலை. ஆனால் மெலிந்தோர் 15.1 வீதம், 15 வீதத்தைத் தாண்டினாலே உலக அளவுகோலில் "மிக அதிகம்".

பேரு நாட்டைப் படித்துப் பாருங்கள். 2008 இல் அங்கு 28 வீதமாக இருந்த வளர்ச்சிக் குன்றல் 2016 இல் 13 வீதமானது. வறிய தாய்மாருக்குப் பணம், அதோடு கட்டாயக் கிளினிக், அரச நிதியை விளைவோடு முடிச்சுப்போட்ட நிர்வாகம் என்பன ஒருசேர நடந்தன.

கேள்வி: உயரம் வளர்க்கும் என விளம்பரம் வரும் மாப்பேணியை ஏழு வயதுப் பேரனுக்கு வாங்கலாமா?
— ஒரு பேரனார், மானிப்பாய்

பதில்: வேண்டாம் ஐயா. உயரக் குறை பெரும்பாலும் விழுவது முதல் இரண்டு வயதுக்குள். அதை ஏழு வயதில் பேணியால் மீட்க முடியாது. பேணியில் எழுதியிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்தாவது வாசியுங்கள், சீனி எத்தனையாவது இடத்தில் இருக்கிறதென்று தெரியும்.

கேள்வி: ஊரிலுள்ள வறிய தாய்மாரின் குழந்தைகளுக்கு மாதந்தோறும் பால்மா வாங்கிக் கொடுக்க எங்கள் ஒன்றியம் எண்ணியுள்ளது. தங்கள் ஆலோசனை என்ன?
— காரைநகரைச் சேர்ந்தவர், ரொறன்ரோ

பதில்: நோக்கம் நல்லது, பொருள் தவறு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. இலவசமாக வந்த மா முடியப்போகும்போது, இருப்பதை நீட்டுவதற்காகத் தாய் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பாள். அதற்குள் அவளுடைய பாலும் வற்றிவிடும். 1981 இல் தாய்ப்பால் பதிலீடுகளின் விற்பனைக்குச் சர்வதேச விதிக்கோவை வந்ததே இத்தகைய அனுபவங்களால்தான்.

இங்கே 1973 முதல் சோளமும் சோயாவும் கலந்த சத்துமாவான திரிபோஷா கர்ப்பிணிகளுக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைத்து வருகிறது. 2022 நெருக்கடியில் அதற்கும் தட்டுப்பாடு வந்தது. கிடைக்கும் வீட்டிலும் ஒரு பைக்கற்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் போவதில்லை, மூத்த பிள்ளைகளும் பங்கு போடுகிறார்கள். பசித்த வீட்டில் அதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன், திட்டம் போடுபவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த முன்மாதிரி தமிழ்நாட்டில் 1980 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த போசாக்குத் திட்டம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, நிறை கூடாத பிள்ளைக்கு மட்டும் மேலதிக உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தி, தாய்க்கு ஆலோசனையைத் தொடர்ந்தார்கள். பணம் தேவையான இடத்துக்குப் போனது. நீங்களும் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியைத் தொடர்புகொண்டு, நிறைக்கோடு படுத்த பிள்ளைகள் உள்ள வீடுகளையும் நிறை குறைந்த கர்ப்பிணிகளையும் அவரைக் கொண்டே தெரிவு செய்வியுங்கள். அவ்வீடுகளுக்கு முட்டை, பயறு, மீன் வாங்கவென ஊர்க் கடையில் கணக்கு ஒன்று திறந்து கொடுத்து, வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை பேருக்கும் போதுமானதாக அளவை வையுங்கள். இரண்டு வயது முடியும்வரை தொடரக்கூடிய எண்ணிக்கையையே பொறுப்பெடுங்கள். நூறு வீட்டுக்கு மூன்று மாதம் கொடுத்து நிறுத்துவதிலும் பத்து வீட்டுக்குக் கடைசிவரை கொடுப்பதே மேல்.