ஃபியட் பேலியோ 1.6 கார்: எடை குறைத்த பின் வளைவில் பின்புறம் விலகுவது

வேகம் கூட்டுவதற்காகப் பின் இருக்கையையும் ஸ்பேர் சக்கரத்தையும் கழற்றி 40 கிலோ குறைத்த பின், கல்லணைச் சாலை வளைவில் பிரேக் பிடித்தால் வண்டியின் பின்புறம் விலகுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அவை இரண்டையும் முதலில் திரும்பப் பொருத்துங்கள். பின்புறம் விலகுவதற்கு அவற்றைக் கழற்றியதே பெரும்பாலும் காரணம். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் உள்ள வண்டியில் பின்பக்கத்தை மட்டும் இலேசாக்கினால், பின் டயர்களின் பிடிமானம் குறையுமே தவிர வேகம் அவ்வளவாகக் கூடாது. ஏறத்தாழ 1,000 கிலோ வண்டியில் 40 கிலோ என்பது 4 சதவீதம்தான்.

முன்னும் பின்னும் எடை எப்படிப் பிரிகிறது என்று அறிய, பக்கத்து அரிசி ஆலை எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டும், பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி இன்னொரு சீட்டும் வாங்கிப் பாருங்கள். லாரிக்கான மேடை 5 அல்லது 10 கிலோ கணக்கில்தான் காட்டும். இதற்கு அது போதும்.

எடையைக் குறைப்பதென்றால் சக்கரங்களில் குறையுங்கள். சுழலும் எடை என்பதால், இலேசான அலாய் சக்கரத்தில் குறையும் ஒவ்வொரு கிலோவும் கிளம்பும் வேகத்திலும் பள்ளங்களிலும் தெரியும்.

கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள, இரைச்சலைக் குறைக்கும் தார் அட்டையை உரித்தீர்களா? ஐப்பசி மழையின் ஈரம் அதன் கீழே தங்கி, தரைத் தகடு பொரிந்திருக்கக்கூடும். துருவைச் சுரண்டி பிரைமர் அடிக்காமல் மூடாதீர்கள்.

கதவுக்குள் இருக்கும் பாதுகாப்புத் தண்டிலும் சீட் பெல்ட்டிலும் கை வைக்க வேண்டாம். பின் இருக்கையை நிரந்தரமாக எடுப்பது வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்கீழ் சிக்கலாகலாம், காப்பீட்டுக் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம்.