ஆயிலில் தண்ணீர், பிரேக்கில் எண்ணெய்: பழைய வண்டிக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: 1998 மாருதி 800. ஆயில் ஊற்றும் மூடிக்கு உள்பக்கம் வெளுத்த பசை. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் நடுவே அடைக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: பொறுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டும் குறையாமல் இருந்தால் அது பெரும்பாலும் எஞ்சினுக்குள் வேர்த்த நீர்தான். மழைக்காலத்தில் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் ஆயில் முழுச்சூடு ஏறுவதே இல்லை, ஈரம் வெளியேற வழியில்லாமல் மூடியில் படிந்துவிடும். துடைத்துவிட்டு பைபாஸில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கிலேயே பால் டீ நிறம் தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். அப்போதும் முதலில் ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை காற்றடிக்கச் சொல்லுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் முள் மட்டும் இறங்கினால் தண்ணீர் உள்ளேதான் போகிறது, அதன்பிறகு ஹெட்டை இறக்கட்டும். இறக்கியதை லேத்துக்கு அனுப்பி வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் புது கேஸ்கட் போட விடாதீர்கள். அலுமினிய ஹெட், சூடேறினால் வளையும்.

கேள்வி: பழைய பெட்ரோல் அம்பாசடர். ஆயில் குறைவதற்குப் பதில் ஏறுகிறது!

பதில்: டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதன் உள்ளே இருக்கும் சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிந்தால் பெட்ரோல் நேராக எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சம்பில் இறங்கும். தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் ஓட்டாதீர்கள். பம்பைச் சரிசெய்த பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், முன்னால் மாற்றினால் அதுவும் கெட்டுப்போகும்.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்ததென்று வழியில் ஒருவர் ஏதோ ஊற்றினார். இப்போது சக்கரம் பிடித்துக்கொள்கிறது.

பதில்: இதுதான் இன்று வந்த கேள்விகளிலேயே எனக்குப் பதற்றம் தருவது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் மூடிக்குள் இருக்கும் ரப்பர் உப்பி, திரும்பப் பொருந்தாமல் இருக்கிறதா? அப்படியென்றால் தவறான எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கலாம். வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து சில சொட்டு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். டாட் 3, டாட் 4 என்ற தர எண் போட்ட பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும், எஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ மேலே மிதக்கும். மிதந்தால் வண்டியை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். பழையதை வடித்துப் புதியதை ஊற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஏனென்றால் உப்பிய ரப்பர் பழைய அளவுக்குத் திரும்பாது. மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர், வீல் சிலிண்டர், ஹோஸ் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றி, இரும்புக் குழாயையும் கழுவ வேண்டும். செலவுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

அப்புறம், சரியான பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140தான். 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையில் இறங்கும்போது அது கொதித்தால் பெடல் தரையோடு போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: டீசல் வேன். ரேடியேட்டரில் எண்ணெய் மிதக்கிறது, ஆயிலில் தண்ணீர் இல்லை. எப்படி?

பதில்: ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலண்டைவிட அதிகம், அதனால் எண்ணெய்தான் தண்ணீர்ப் பக்கம் தள்ளப்படும். உங்கள் எஞ்சினில் தண்ணீரால் குளிரும் ஆயில் கூலர் இருந்தால் ஹெட்டைத் தொடுமுன் அதைக் கழற்றிச் சோதியுங்கள். எண்ணெய் பட்டுக் கொழகொழத்த ரேடியேட்டர் ஹோஸ்களையும் அதோடு மாற்றிவிடுங்கள்.