பி-மதிப்பு 0.08: இன்னும் சிலரைச் சேர்க்கலாமா?

கேள்வி: கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரிக்குச் சென்று எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக, என்னைப் போல வெளியூரிலிருந்து வந்து போகும் மாணவர்கள் 30 பேரிடமும் விடுதி மாணவர்கள் 30 பேரிடமும் மன அழுத்த வினாப்பட்டியலை (பி.எஸ்.எஸ்.-10) ஆகஸ்டில் கொடுத்தேன். சராசரி முறையே 21.2, 18.6, திட்ட விலக்கம் இரண்டிலும் 5.6. இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் பி-மதிப்பு 0.08 வந்தது. குழுவுக்குப் பத்துப் பேரை டிசம்பரில் சேர்த்தால் 0.05-க்குக் கீழே இறங்கிவிடும் என்கிறார் சீனியர் ஒருவர். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம். பி-மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தெரிவதற்கான வாய்ப்பு. 0.05 என்ற வரம்பை வைத்துக்கொள்ளும்போது, உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் நூற்றில் ஐந்து முறை 'வேறுபாடு உண்டு' என்று தவறாகச் சொல்லிவிடும் வாய்ப்பை நாம் ஏற்றுக்கொள்கிறோம். எத்தனை பேரிடம் தரவு திரட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, ஒரே ஒருமுறை சோதித்தால்தான் அந்த ஐந்து ஐந்தாகவே இருக்கும். சம அளவு தரவு சேர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்து, சாதகமான எண் கிடைத்தவுடன் நிறுத்திக்கொள்வதாக வைத்தால், இருமுறை பார்ப்பதிலேயே தவறும் வாய்ப்பு ஏறத்தாழ 8 விழுக்காடாகிறது. ஐந்து முறை பார்த்தால் 14-ஐத் தொடுகிறது. ஆள் கூடினால் பி-மதிப்பு குறையும் என்பது உண்மையான வேறுபாடு இருக்கும் இடத்தில்தான் பொருந்தும். வேறுபாடு இல்லாத இடத்தில் அது ஏறியும் இறங்கியும் அலையும்; இறங்கிய கணத்தில் நிறுத்துபவருக்கு அது கண்டுபிடிப்பு போலத் தெரியும். இந்தச் சீனியர்களின் ஆலோசனை எல்லாக் கல்லூரி விடுதிகளிலும் உலவுவதுதான்.

உங்கள் ஆய்வில் இன்னொரு தடையும் இருக்கிறது. அந்த வினாப்பட்டியல் கடந்த ஒரு மாதத்து அனுபவத்தைக் கேட்கிறது. நம் பகுதியில் டிசம்பரில் அப்படிக் கேட்டால், வடகிழக்குப் பருவமழையைச் சேர்த்தே கேட்கிறீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஏற்பட்டதைப் போன்ற வெள்ளம் வந்துவிட்டால், பேருந்துக்குக் காத்திருப்பவரையும் விடுதி அறையில் இருப்பவரையும் அது ஒரே மாதிரி பாதிக்காது. ஆகஸ்டின் முப்பது பேரையும் டிசம்பரின் பத்துப் பேரையும் ஒரே குழு என்று கூட்டிக் கணக்கிட முடியாது.

இருக்கும் முடிவு என்ன சொல்கிறது என்பதற்கு வருவோம். 0.08 என்பது 'வேறுபாடு இல்லை' என்பதற்குச் சான்று அன்று. சராசரிகளின் வேறுபாடான 2.6-ஐ, மதிப்பெண்களின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கத்தால் வகுத்தால் விளைவின் அளவு (வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதன் அளவீடு) 0.46, இது உளவியல் புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹன் நடுத்தரம் என்று வகுத்த 0.5-க்கு அருகில் உள்ளது. வேறுபாட்டுக்கான 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி −0.3 முதல் 5.5 வரை செல்கிறது. அதாவது உங்கள் தரவு, வேறுபாடு சுழியாக இருப்பதோடும் ஒத்துப்போகிறது, 40 மதிப்பெண் கொண்ட அளவுகோலில் ஐந்து மதிப்பெண் வேறுபாட்டோடும் ஒத்துப்போகிறது. குறை மாதிரியின் அளவில்தான். நடுத்தர விளைவை 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டறியக் குழுவுக்கு 64 பேர் தேவை என்று கோஹனின் 1992 கட்டுரை அட்டவணையிட்டிருக்கிறது. சிறிய விளைவானால் 393 பேர். குழுவுக்கு 30 பேர் வைத்தால் அந்த வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கை ஜீ-பவர் என்னும் இலவச மென்பொருளில் தரவு திரட்டும் முன்பே போட்டிருக்க வேண்டும்; பெரும்பாலான நெறியாளர்கள் அதை வலியுறுத்துவதில்லை என்பது என் வருத்தம்.

எழுதுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். பத்து வினாக்களில் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் நேர்மறையானவை. அவற்றின் மதிப்பெண்ணை 0-வை 4 ஆகவும் 1-ஐ 3 ஆகவும் திருப்பிய பிறகே கூட்ட வேண்டும். வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். திருப்ப மறந்திருந்தால் திருத்தி மீண்டும் கணக்கிடுவது நேர்மையான திருத்தம்; என்ன எண் வந்தாலும் அதையே ஏற்க வேண்டும்.

முடிவுப் பகுதியில் இரு சராசரிகள், திட்ட விலக்கங்கள், டி-மதிப்பு 1.80, சுதந்திரப் பாகை 58 (மொத்தம் 60 பேரில் இரு குழுக்களுக்காக 2 கழித்தது), பி-மதிப்பு 0.08, விளைவின் அளவு, நம்பிக்கை இடைவெளி ஆகியவற்றை முழுமையாகத் தந்து, 'பயணம் செய்யும் மாணவர்களின் சராசரி கூடுதலாக இருந்தது. ஆனால் இந்த மாதிரியைக் கொண்டு உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை' என்று எழுதுங்கள். பயணம்தான் அழுத்தத்தைத் தருகிறது என்று எழுத வேண்டாம். விடுதியில் சேர வசதி இருந்தவர்களும் இல்லாதவர்களும் பயணத்தில் மட்டும் வேறுபடுவதில்லை.

நெறியாளர் கூடுதல் தரவைக் கட்டாயம் கேட்டால், புதிதாகக் குழு ஒவ்வொன்றுக்கும் 64 பேர் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அடுத்த ஆகஸ்டில் தனி ஆய்வாகத் திரட்டுங்கள். அதற்குக் காலம் இல்லையென்றால், முதலில் 60 பேரோடு சோதித்ததையும் அப்போது வந்த 0.08-ஐயும் மறைக்காமல் குறிப்பிட்டு, இரு கட்டத் தரவையும் தனித்தனி அட்டவணையில் கொடுங்கள். வாய்மொழித் தேர்வில் அந்த 0.08-ஐப் பற்றிக் கேட்டால், 64 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கத் தெரிந்திருந்தால் போதும்.