கம்பளி மணியில் வெடிப்பு ஏன்?

கேள்வி: மாலை கோப்பதற்காக, வெந்நீரும் சோப்பும் தொட்டு நான் உருட்டும் கம்பளி மணிகளில் கோடுகோடாக வெடிப்பு விழுகிறதே, ஏன்?

பதில்: தொடக்கத்திலேயே அழுத்தி உருட்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது. கம்பளி இழையின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் வெந்நீரில் விரிந்து, அசைவில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் சற்று நேரம் வேண்டும். அதற்குமுன் அழுத்தினால் உருண்டை மடிந்து, அந்த மடிப்பே வெடிப்பாக நின்றுவிடும். எனவே மெரினோ (மெரினோ வகை ஆட்டின் மென்மையான கம்பளி) இழையை மெல்லிய கீற்றுகளாகப் பிரித்து, திசையை மாற்றி மாற்றிச் சுற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவே பட்டும் படாமலும் உருட்டி, மேற்புறம் தோல் பிடித்த பிறகே அழுத்தத்தைக் கூட்டுங்கள். அக்ரிலிக் நூல் மட்டும் வேண்டாம்; செதிலே இல்லாத அது எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. துளையை, மணி காய்ந்தபின் தடித்த ஊசியால் போடலாம்.